கரண்ட் கட் மேல விழுந்த பழி: திருநகர் ரீஃப் தொட்டியில மீன் செத்த கேஸ்

முடிவை முதல்லயே சொல்லிடறேன், சஸ்பென்ஸ்லாம் வேணாம். திருநகர்ல ஜவுளிக்கடை வச்சிருக்கற ஒரு அண்ணன் வீட்டு ரீஃப் தொட்டியில, அதாவது பவளம் (கோரல்) வளக்கற உப்புத்தண்ணி தொட்டியில, 8 மீன்ல 5 போயிருச்சு, காரணம் மரைன் வெல்வெட், அதாவது அமைலூடினியம் ஒசெல்லேட்டம்ங்கற ஒட்டுண்ணி. ஆனா நான் போய் நிக்கிறப்ப அந்த வீட்ல ஆளுக்கு ஒரு காரணம் வச்சிருந்தாங்க. அண்ணன் கரண்ட் கட்டுங்கறாரு, மதினி கொசு மருந்துங்கறாங்க, பையன் செல்லுல பாத்துட்டு வெள்ளைப்புள்ளி வியாதி, அதாவது இக்குங்கறான், அப்பத்தா திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரங்க கண்ணு பட்டுருச்சுங்கறாங்க. இதுல அப்பத்தா சொன்னதைத் தவிர மத்த மூணும் நடக்கக் கூடிய விஷயம்தான், அதனாலதான் இந்தக் கேஸை முழுசா எழுதறேன். எது எதை எப்படித் தள்ளினோம்ங்கறதுதான் இதுல முக்கியம், மருந்து அப்புறம்.

தொட்டி விவரம். 4 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரம், கீழ சம்ப் (தண்ணி சுத்தம் பண்ற துணைத் தொட்டி), ஸ்கிம்மர் (காத்துக் குமிழி விட்டு அழுக்கை நுரையா எடுக்கறது), ரெண்டு வேவ்மேக்கர் (தண்ணியை அலையடிக்க வைக்கற பம்ப்). பாறை மணல் போக தண்ணி 300 லிட்டர் சுமாரா. கோரல் எல்லாம் சாஃப்ட் கோரல்தான், சோவாந்தஸ், மஷ்ரூம், ஒரு லெதர். மீனு பாத்தீங்கன்னா ஒரு ஜோடி ஒசெல்லாரிஸ் க்ளவுன், 3 பச்சை குரோமிஸ், ஒரு ரீகல் ப்ளூ டேங், ஒரு லான்மோவர் பிளென்னி, அப்புறம் புதுசா வாங்கின ஒரு பவுடர் ப்ளூ டேங். கூட ஒரு ஜோடி க்ளீனர் இறால், நத்தை கொஞ்சம். ஆவியாகறதுக்கு ஈடா ஊத்தற டாப்அப் தண்ணி ஆர்ஓடிஐ, அதாவது உப்பு, தாது எல்லாம் எடுத்தது, டிடிஎஸ் 0 (அவங்க ஏரியா போர் தண்ணியை அப்படியே ஊத்தினா பாசி வளக்கத்தான் ஆகும்). தண்ணி மாத்தறதுக்கு மட்டும் ராமேஸ்வரம் பக்கம் போறப்ப மண்டபத்துல இருந்து கேன்ல கடல் தண்ணி புடிச்சுட்டு வந்து டிரம்ல ஊத்தி வைப்பாரு.

சித்திரைத் திருவிழா சமயம். அழகர் ஆத்துல இறங்கறதைப் பாக்க வீடு நெறைய சொந்தக்காரங்க, வெயிலு வேற மண்டையைப் பிளக்குது. கொடியேத்தறதுக்கு முன்னாடி அண்ணனுக்கு ஒரு ஆசை, வர்றவங்க அசந்து போகணும்னு, பவுடர் ப்ளூ ஒண்ணு வெளியூர் கடையில ஆர்டர் போட்டு ஆம்னி பஸ் பார்சல்ல வர வச்சுட்டாரு. கடை பேரு வேணாம். குவாரண்டைன் முடிச்ச மீனுதான், நேரா தொட்டியில விடுங்க சார்னு கடைக்காரர் போன்ல சொன்னாராம். எத்தனை நாளு, என்ன மருந்து, என்ன லெவல்னு கேட்டா ஒழுங்கா பதில் வராத குவாரண்டைனுக்கு நான் மதிப்பே குடுக்கறதில்லை, பாக்கெட்டுல ஒட்டின ஸ்டிக்கருக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மீன் வந்து ஆறாம் நாள் ராத்திரி அந்தத் தெருவுல கரண்ட் போயிருச்சு. இன்வெர்ட்டர்ல ஃபேனும் லைட்டும் ஓடுது, தொட்டி அதுல இல்லை. மூணு மணி நேரத்துக்கு மேல பம்ப் நின்னுருக்கு. வெள்ளன எந்திரிச்சுப் பாத்தா பவுடர் ப்ளூ வேவ்மேக்கர்ல ஒட்டிக் கெடக்கு, ஒரு குரோமிஸ் தரையில. அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள இன்னொரு குரோமிஸ். அப்பத்தான் எனக்கு போன். "தம்பி, கரண்ட் போனதுல ஆக்ஸிஜன் இல்லாம மீன் செத்துப்போச்சு, மிச்சத்தக் காப்பாத்த ஏர்பம்ப் எது வாங்கறது?"னு கேட்டாரு. அவர் கேட்டது ஏர்பம்ப், நான் திருப்பிக் கேட்டது இறால் உசுரோட இருக்கான்னு. இருக்குய்யா, அது பாட்டுக்குத் திரியுதுன்னாரு. அந்த ஒரு பதில்லயே பாதி காரணம் அடிபட்டுப் போச்சு.

ஏன்னு சொல்றேன். கொசு மருந்துன்னு மதினி சொன்னதை நான் லேசா எடுத்துக்கலை. அந்த வாரம் தெருவுல புகை அடிச்சிருக்காங்க, வீட்லயும் லிக்விட் மாட்டி வச்சிருக்காங்க. இதுல எல்லாம் இருக்கறது பைரித்ராய்டு வகை, மீனுக்கும் ஆகாது, இறால் நண்டு வகைக்கு சுத்தமா ஆகாது. ஸ்கிம்மர் வீட்டுக் காத்தை உறிஞ்சித் தண்ணிக்குள்ள கலக்கற சாதனம், அதனால வழியும் இருக்கு. ஆனா அப்படி ஒரு விஷம் தண்ணியில இறங்கிருந்தா மொதல்ல மல்லாக்கப் படுத்திருக்க வேண்டியது இறாலு. இங்க இறால் அன்னைக்குத்தான் சட்டை கழட்டிப் போட்டுட்டு மீசையை ஆட்டிக்கிட்டு நிக்குது. நத்தை கண்ணாடியில மேயுது, சோவா எல்லாம் வாயத் திறந்து இருக்கு. மீனு மட்டும் சாகுது, முதுகெலும்பு இல்லாதது எல்லாம் நல்லா இருக்குன்னா தண்ணியை விட்டுட்டு மீனைப் பாக்கணும். இது நூத்துக்கு நூறு விதி கிடையாது, அமோனியா மாதிரி சிலது மீனையும் மொதல்ல அடிக்கும், அதனால டெஸ்ட்டும் பண்ணினோம்.

டெஸ்ட்டை சீக்கிரம் முடிச்சிடறேன், இதுல பெருசா ஒண்ணும் இல்லை. உப்பு (ஒப்படர்த்தி கணக்குல) 1.026, உப்பு அளக்கற ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு) கரைசல்ல சரி பண்ணிட்டுதான் பாத்தது, வெறும் ஆர்ஓ தண்ணியில ஜீரோ பண்ணிட்டு நம்பறவங்க நெறைய பேரு இருக்காங்க. பிஎச் 8.1. அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 15 கிட்ட. வெப்பம் மட்டும் 29.5 டிகிரி, சில்லர் ஓடியும் அதுதான், மதுரை சித்திரை வெயில்ல ஹால்ல ஏசி இல்லாம இதுக்குக் கீழ இறக்கறது கஷ்டம். கடல் தண்ணியையும் சந்தேகப்பட்டோம், கரையோரத் தண்ணியில ஒட்டுண்ணி நீந்தும் பருவம் இருக்க வாய்ப்பிருக்கு. ஆனா கடைசியா மாத்தின தண்ணி ஒரு மாசத்துக்கு மேல மூடின டிரம்ல மீனே இல்லாம இருட்டுல இருந்தது. ஒட்டிக்க மீன் கிடைக்காம அத்தனை நாள் அது தாங்காது. (இந்த இடத்துல ஒண்ணு. தண்ணி புடிக்கப் போறவங்க கல்லு, பவளம் எதையும் கையோட எடுத்துட்டு வந்துராதீங்க. மன்னார் வளைகுடா 1986-ல இருந்து கடல்சார் தேசியப் பூங்கா, கல் பவளம் எல்லாம் 2001-லயே வனவிலங்குச் சட்டத்து முதல் அட்டவணைக்குள்ள வந்துருச்சு. செத்த துண்டுன்னு சொன்னாலும் கேஸ்தான்.)

சரி, இப்ப கரண்டு. அண்ணன் இதை விடவே இல்லை, அவர் பக்கமும் நியாயம் இருந்துச்சு. 35 பிபிடி உப்புத் தண்ணியில 25 டிகிரில லிட்டருக்கு 6.8 மில்லிகிராம் போல ஆக்ஸிஜன் நிக்கும், 30 டிகிரில 6.2 கிட்டதான். அதுவும் பம்ப் நின்னு மேல்தண்ணி அசையாம, லைட்டும் இல்லாம, ஸ்கிம்மரும் இல்லாம, பாறையில இருக்கற பாக்டீரியா மொதக்கொண்டு எல்லாம் அதே ஆக்ஸிஜனைத் திங்கறப்ப மூணு மணி நேரம்ங்கறது விளையாட்டு இல்லை. ஆனா மூச்சு முட்டிச் சாகற தொட்டியில பெரும்பாலும் பெரிய மீன், ஓடியாடற மீன் மொதல்ல போகும், தப்பிச்சது பம்ப் ஓட ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல பழையபடி ஆயிரும். இங்க பெரிய மீனான பவுடர் ப்ளூ போச்சு சரி, அதே சைஸ்ல கிட்டத்தட்ட இருக்கற ரீகல் டேங் உசுரோட நிக்குது, சின்ன குரோமிஸ் போயிருக்கு. கரண்ட் வந்து அரை நாளுக்கு மேல ஆகியும் இருக்கற மீன் எல்லாம் மூச்சு வாங்குது. ரீகல் டேங்கோட செவுள் மூடி அசையறதை 15 செகண்டு எண்ணினேன், 36 தடவை. நிமிஷத்துக்கு 144. சும்மா நிக்கற மீனு 80-ஐத் தாண்டினாலே நான் கவலைப்படுவேன். தண்ணியில ஆக்ஸிஜன் இருந்தும் மீனுக்குள்ள போகலைன்னா, கோளாறு செவுள்ல.

இதுக்கு மேலயும் அண்ணன் நம்பலை. அப்புறம் அவரே எடுத்த வீடியோதான் அவரை மடக்கிச்சு. பவுடர் ப்ளூ வந்த ரெண்டு மூணு நாள்ல இருந்து தினம் ஸ்டேட்டஸ் போட்டுருக்காரு, எல்லாம் செல்லுல இருந்துச்சு. வரிசையா ஓட்டிப் பாத்தோம். முதல் வீடியோவுல மீன் பாறையைச் சுத்தி மேயுது. நாலாம் நாள் வீடியோவுல வேவ்மேக்கருக்கு நேரா மூஞ்சியைக் காமிச்சுக்கிட்டு, அடிக்கற தண்ணிக்கு எதிரா ஒரே இடத்துல நின்னு நீந்துது, கேமரா கிட்ட போனாலும் நகரலை. பாக்கறவனுக்கு அது நல்ல சுறுசுறுப்பு, அண்ணனும் கீழ "மாஸு"ன்னு எழுதி ஃபயர் ஸ்டிக்கர் போட்டுருக்காரு. அஞ்சாம் நாள் வீடியோவுல லைட்டு எரியுது, மீனைக் காணோம், பாறை இடுக்குல வாலு மட்டும் தெரியுது, ஒரு குரோமிஸ் கூட்டத்தை விட்டுட்டுத் தனியா மேல மூலையில நிக்குது. கரண்ட் போனது ஆறாம் நாள் ராத்திரி. அண்ணன் அந்த வீடியோவை மறுபடி மறுபடி ஓட்டிட்டு, "அப்ப அதுக்கு முந்தியே வந்துருக்கு"ன்னாரு. ஆமாண்ணே, கரண்ட் கட் மீனைக் கொல்லலை, ஏற்கெனவே பாதி செவுளு போன மீனைத் தள்ளிவிட்டுச்சு, அவ்வளவுதான்.

தண்ணி வேகமா அடிக்கற இடத்துல போய் நிக்கறது, வெளிச்சத்தைப் பாத்து ஒளியறது, மூச்சு வாங்கறது, சாப்பாடு தொடாதது. இந்த நாலும் சேந்து வந்தா புள்ளி ஒண்ணு கூடத் தெரியாட்டியும் வெல்வெட்டுன்னு வச்சுக்கிட்டு வேலையை ஆரம்பிச்சிரணும். ஏன்னா அது மொதல்ல உக்காருறது செவுள்ல, தோல்ல தூள் மாதிரி தெரியறப்ப பெரும்பாலும் லேட்டு.

பையன் இக்குன்னு சொன்னதுக்கு வர்றேன். அவன் சொன்னதுல தப்பில்லை, ரீகல் டேங் மேல லேசா வெள்ளை இருந்தது உண்மை. ஆனா லைட்டை அணைச்சுட்டு டார்ச்சை பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சுப் பாத்தா வித்தியாசம் தெரியும். இக், அதாவது கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ், ஒண்ணு ஒண்ணாத் தனியா எண்ணலாம், ரவை தூவின மாதிரி. வெல்வெட்டு எண்ண முடியாது, மைதா படிஞ்ச மாதிரி, ஒரு கோணத்துல மட்டும் லேசா மஞ்சள் கலந்த மினுமினுப்பு தெரியும், நேரா பாத்தா ஒண்ணுமே இருக்காது. இந்த மீன்ல கழுத்துப் பக்கமும் முதுகுத் துடுப்புலயும் அந்த மினுமினுப்பு இருந்துச்சு. அப்புறம் வேகம். இக்குல மீன் பல நாள் தாக்குப்புடிக்கும், புள்ளி வரும், கொட்டிப்போகும், ஜனங்க சரியாப் போச்சுன்னு நினைப்பாங்க, மறுபடி ரெட்டிப்பா வரும். வெல்வெட்டு அந்த மாதிரி அவகாசமே குடுக்காது, ரெண்டு மூணு நாள்ல தொட்டியைக் காலி பண்ணிரும். க்ளவுன் இருக்கறதால புரூக்ளினெல்லாங்கற ஒட்டுண்ணியையும் யோசிக்கணும், அதுல உடம்புல சளி கெட்டியா உரிஞ்சு தொங்கும், இங்க க்ளவுன் ரெண்டும் மூச்சு வாங்குதே தவிர சளி இல்லை. குரோமிஸ்னா யூரோனெமாங்கற ஒட்டுண்ணி, விலாப்பக்கம் செவப்பாப் புண்ணு வரும், அதுவும் இல்லை.

இந்த வித்தியாசம் பாக்கறது வெறும் படிப்புக்காக இல்லை. இக்குன்னு முடிவு பண்ணிருந்தா நெறைய பேரு உப்பை 1.009-க்கு இறக்குவாங்க, இக்குக்கு அது வேலை செய்யும். வெல்வெட்டு அந்த உப்புல சந்தோஷமா இருக்கும், மீனு இருக்காது. இல்லாட்டி 72 மணி நேரத்துக்கு ஒருதரம் மீனைத் தொட்டி மாத்தற முறை, அதுவும் இக்கோட கணக்குக்குப் போட்டது. பூண்டுச்சாறு சாப்பாட்டுல கலந்து குடுங்கன்னு ஒருத்தர் சொன்னாராம், பூண்டு ரசத்துக்கு நல்லது. கோரலுக்கு ஒண்ணும் ஆகாது, ஒட்டுண்ணியை மட்டும் கொல்லும்னு போட்டு விக்கற பாட்டிலைப் பத்தி என் அபிப்பிராயம் என்னன்னா, பெரும்பாலும் ரெண்டுல முதல் பாதி உண்மை.

மைக்ராஸ்கோப்

என்கிட்ட ஒரு பழைய ஸ்டூடண்ட் மைக்ராஸ்கோப் இருக்கு, மொத்தம் 100 மடங்கு வச்சுப் பாத்தா இந்த வேலைக்குப் போதும். அண்ணன் செத்த பவுடர் ப்ளூவை மதினிக்குத் தெரியாம ஃப்ரீசர்ல மீன் வறுவலுக்கு வச்ச வஞ்சிரத்துக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருந்தாரு, ஆதாரம் வேணும்ல தம்பின்னு. நல்ல எண்ணம்தான், ஆனா அது உதவாது. மீன் செத்த கொஞ்ச நேரத்துல ஒட்டுண்ணி கழண்டு போக ஆரம்பிக்கும், உறைஞ்சா செல்லெல்லாம் வெடிச்சுப் போயிருக்கும். நல்லவேளையோ கெட்டவேளையோ, நாங்க பேசிக்கிட்டு இருக்கறப்பவே மூணாவது குரோமிஸ் சாஞ்சிருச்சு. அது கடைசியா வாயை அசைச்ச கொஞ்ச நேரத்துல எடுத்துட்டோம்.

செவுள் மூடியைத் தூக்கி, சின்னக் கத்தரியால செவுள் இழைல நுனி மட்டும் ரெண்டு மூணு நறுக்கி ஸ்லைடுல வச்சு, மேல ஒரு சொட்டு தொட்டித் தண்ணி, கவர் ஸ்லிப். கவனிங்க, தொட்டித் தண்ணி. குழாத் தண்ணி விட்டா இக், புரூக்ளினெல்லா மாதிரி சிலியா (நுண்ணிய மயிரிழை) வச்ச ஜந்து எல்லாம் வெடிச்சு ஒண்ணும் இல்லாமப் போயிரும், அப்புறம் ஸ்லைடு சுத்தம்னு நினைச்சுக்குவீங்க.

நல்ல செவுளா இருந்தா இழைக்கு ரெண்டு பக்கமும் மெல்லிசா மடிப்பு மடிப்பா ஒழுங்கா நிக்கும், செவப்பா இருக்கும். இதுல மடிப்பெல்லாம் வீங்கி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்கு, நடு நடுவுல உருண்டையா, கொஞ்சம் நீளவாட்டா, பழுப்புக் கலந்த கருப்புல மணிமணியா உக்காந்திருக்கு. ஒரு பார்வையில வர்ற வட்டத்துக்குள்ளயே இருபதுக்கு மேல. பெருசெல்லாம் 0.1 மில்லிமீட்டர் இருக்கலாம். பையனை உக்கார வச்சு, எது நகருதுன்னு மட்டும் பாருடான்னு சொன்னேன். அஞ்சு நிமிஷம் பாத்துட்டு, "ஒண்ணும் நகரலை மாமா, செத்துப்போச்சா?"ன்னான். சாகலைடா, அது அப்படித்தான். அதுதான் இங்க விடை. இக்கா இருந்தா இதை விடப் பெரிய உருண்டை, மெதுவா தன்னைத்தானே சுத்திக்கிட்டே இருக்கும், உள்ள குதிரை லாட வடிவுல மணிமணியா உட்கரு தெரியும். புரூக்ளினெல்லா அவரைவிதை வடிவுல வழுக்கிக்கிட்டுப் போகும். யூரோனெமா ரொம்பச் சின்னது, கண்ணு பின்தொடர முடியாத வேகம். நகராம, வேரு விட்டுக் குத்திக்கிட்டு செவுள்ல உக்காந்திருக்கறது அமைலூடினியம். கோரல் முக்கறதுக்கு வச்சிருந்த லுகால்ஸ் ஐயோடினை நீர்த்து ஓரமா ஒரு சொட்டு விட்டேன், உள்ள ஸ்டார்ச் இருக்கறதால அந்த உருண்டை எல்லாம் இன்னும் கருத்துச்சு. இதுக்கு மேல சாட்சி வேணாம்.

மைக்ராஸ்கோப் இல்லாதவங்க என்ன பண்றதுன்னா, மேல சொன்ன நடத்தையும் வரிசையும் போதும், மருந்தை ஆரம்பிச்சிருங்க. தூத்துக்குடியில மீன்வளக் கல்லூரி இருக்கு, 1977-ல இருந்து, படிச்சவங்க இருக்கற இடம், ஆனா வெல்வெட்டுல சாம்பிள் கொண்டுபோய் முடிவு வாங்கி வர்ற நேரத்துக்குள்ள தொட்டி காலியாயிரும். மெதுவா வர்ற வியாதிக்கு அதெல்லாம் சரி.

வைத்தியம்

இந்த ஒட்டுண்ணியோட சுத்து தெரிஞ்சாதான் மருந்து ஏன் அப்படிப் போடறோம்னு புரியும். மீன் மேல ஒட்டித் தின்னுட்டு, கழண்டு விழுந்து, மணல்லயோ பாறையிலயோ கூடு கட்டி, உள்ளுக்குள்ளயே பிரிஞ்சு பிரிஞ்சு ஒண்ணுல இருந்து 256 வரைக்கும் குட்டி நீந்தி வெளிய வரும். நம்ம ஊரு தொட்டி வெப்பத்துல இந்தச் சுத்து ஒரு வாரத்துக்குள்ள முடிஞ்சிரும். இதுக்கு மருந்து காப்பர் (செம்பு), அது கொல்றது நீந்தற குட்டியை மட்டும், மீன் மேல இருக்கறதையோ கூட்டையோ இல்லை. அதனால லெவல் ஒரு நாள் கீழ இறங்கினாலும் அன்னைக்குப் பொறிக்கறது தப்பிச்சிரும். கோரல், இறால் இருக்கற தொட்டியில காப்பர் ஊத்தவே கூடாது, பாறையும் மணலும் அதைக் குடிச்சு வச்சுக்கும், பின்னாடி என்னைக்காவது கக்கும். மீனைத்தான் வெளிய எடுக்கணும். பாறையைக் கலைக்காம ரீஃப்ல மீன் புடிக்கறது எவ்வளவு கஷ்டம்னு புடிச்சவங்களுக்குத் தெரியும், ஆனா மூச்சு வாங்கற மீனு அன்னைக்கு வலைக்குள்ள தானா வந்து நின்னுச்சு, அதைப் பாத்துதான் எனக்கு நெஞ்சு பதறிச்சு.

மொதல்ல நல்லதண்ணி முக்கல். ஆர்ஓ தண்ணி, தொட்டியோட அதே வெப்பம், சோடா உப்பு கொஞ்சம் போட்டு பிஎச் சரி பண்ணி, ஏர்ஸ்டோன் விட்டு, 5 நிமிஷம். இது குணமாக்காது, செவுள்ல இருக்கற சுமையைக் கொஞ்சம் இறக்கும், அவ்வளவுதான். தட்டைப்புழு இருந்தா அதுவும் வெள்ளையாகிக் கீழ விழும், இங்க ஒண்ணும் விழலை, அந்தச் சந்தேகமும் போச்சு. ரீகல் டேங்கை விட்டவுடனே படுத்துருச்சு, பக்கவாட்டுல, செத்த மாதிரி. மதினி "ஐயோ தம்பி எடுங்க"ன்னு கத்திட்டாங்க. இந்த மீனு பயந்தா அப்படிப் படுக்கும், செவுள் அசையுதான்னு மட்டும் பாக்கணும். அசைஞ்சுச்சு. விட்டேன்.

ஆஸ்பத்திரித் தொட்டி ஒரு 100 லிட்டர் பிளாஸ்டிக் டப்பு, மாடி ரூமுல ஏசி போட்டு வச்சது. மணல் கல்லு கிடையாது, ஒளியறதுக்கு பிவிசி எல்போ, சம்ப்ல இருந்த ஸ்பாஞ்சு, ரெண்டு ஏர்ஸ்டோன். மெயின் தொட்டிக்குப் பக்கத்துல வைக்க வேணாம்னு சொன்னதுக்குக் காரணம் இருக்கு, ஏர்ஸ்டோன்ல தெறிக்கற திவலை வழியாவும் இது அடுத்த தொட்டிக்குப் போகும்னு ஆராய்ச்சியில காட்டிருக்காங்க. கையி, வலை, பக்கெட்டு எல்லாம் தனி.

காப்பர் எதுன்னு ஒரு பேச்சு வந்துச்சு. உரக்கடையில மயில்துத்தம் கிலோ கணக்குல கிடைக்குதே, கம்பம் பக்கம் திராட்சைக்கு அடிக்கறது, அதுவும் காப்பர்தானேன்னு அண்ணனோட மச்சான் கேட்டாரு. கேள்வி சரிதான், அந்தக் காலத்து வைத்தியமே அதுதான். ஆனா மயில்துத்தத்துக்கு 0.15-ல இருந்து 0.20 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வரைக்கும்தான் இடம், கீழ போனா வேலை செய்யாது, கொஞ்சம் மேல போனா மீனே போயிரும், தினம் ரெண்டு தடவை அளக்கணும், உரக்கடை சரக்குல வேற என்ன கலந்திருக்குன்னும் தெரியாது. குப்ரமைன்ங்கற கடை மருந்துன்னா 0.5. செலேட்டட் காப்பர்னா (வேற சேர்மத்தோட கட்டி வச்ச காப்பர்) 2-ல இருந்து 2.5. ஒண்ணோட அளவை இன்னொண்ணுக்குப் போட்டுக் கொன்னவங்க கதை நெறைய உண்டு. எங்களுக்கு சென்னையில ஒரு நண்பர்கிட்ட இருந்த செலேட்டட் வகை கிடைச்சுச்சு. சாதாரணமா மெதுவா ஏத்தணும்னு சொல்லுவாங்க, வெல்வெட்டுல அதுக்கு நேரம் கிடையாது, ராத்திரியே 1.5, மறுநாளைக்குள்ள 2.25. ஹானா செக்கர்ங்கற அளவுக் கருவியில அளந்து நோட்டுல எழுதினது பையன்தான், பரீட்சைக்குக் கூட அப்படி எழுதிருக்க மாட்டான். அமோனியாவைக் கட்டற கண்டிஷனர் எதையும் காப்பரோட சேக்க வேணாம்னு மட்டும் கண்டிப்பாச் சொல்லிட்டேன், சில வகை காப்பரை அது விஷமா மாத்திரும். அமோனியா ஏறினா தண்ணி மாத்து, மாத்தற தண்ணியிலயும் அதே 2.25 காப்பரைக் கலந்துட்டு ஊத்து.

குளோரோகுவின் பத்திக் கேப்பீங்க. வெல்வெட்டுக்கு அது நல்ல மருந்துதான், லிட்டருக்கு 10-ல இருந்து 15 மில்லிகிராம். ஆனா தண்ணியில எவ்வளவு மிச்சம் இருக்குன்னு வீட்ல அளக்க கிட்டு கிடையாது, வெளிச்சத்துல கெட்டுப்போகும், மாத்திரையில இருக்கற மத்த பொடியெல்லாம் தண்ணியில சேரும், சீட்டு இல்லாம மெடிக்கல்ல கேக்கறதும் சரியில்லை. அளக்க முடிஞ்சதுதான் எனக்கு மருந்து.

ஆண் க்ளவுன் ரெண்டாம் நாள் போயிருச்சு. அதோட சாவு நின்னுச்சு. பெண் க்ளவுன், ரீகல் டேங், பிளென்னி மூணும் தேறிச்சு. நாலாம் நாள் ரீகல் டேங்கோட மூச்சு 90-க்கு வந்துச்சு, அஞ்சாம் நாள் நோரி (காஞ்ச கடல்பாசி) இலையைக் கடிச்சுது, மதினி வீடியோ கால்ல காமிச்சாங்க. பிளென்னி கடைசி வரைக்கும் பெருசா கஷ்டப்படவே இல்லை. 14 நாள் லெவலை இறங்க விடாம வச்சு, அப்புறம் காப்பர் இல்லாத வேற டப்புக்கு மாத்தியாச்சு.

மெயின் தொட்டியை மீன் இல்லாம எத்தனை நாள் போடறதுங்கறதுல எனக்கும் அண்ணனுக்கும் கொஞ்சம் வாக்குவாதம். வெல்வெட்டுக்கு மட்டும்னா 6 வாரம் போதும். ஆனா குவாரண்டைன் பண்ணாத டேங், அதுவும் பவுடர் ப்ளூ, இக்கையும் சேத்துக் கொண்டு வந்திருக்க வாய்ப்பு நெறைய, நாங்க பாத்த ஒரு மீன் செவுள்ல அது இல்லைங்கறதால தொட்டியிலயே இல்லைன்னு ஆகாது. இக்கோட கூடு 72 நாள் கழிச்சும் பொறிச்சதா ஆராய்ச்சிப் பதிவு இருக்கு, அதுல இருந்துதான் 76 நாள்னு ஒரு கணக்கு வந்துச்சு. மறுபடி ஒரு தடவை டப்பு, ஏசி, கரண்ட் பில்லுன்னு போறதுக்கு இப்பவே 76 இருந்துட்டுப் போகட்டும்னு சொன்னேன். அண்ணன் முனகினாரு, மதினி தீர்ப்பு குடுத்துட்டாங்க, 76. அதுவரைக்கும் இறாலுக்கும் கோரலுக்கும் கொஞ்சூண்டு தீனி போட்டாப் போதும், வேவ்மேக்கர் ஒண்ணை மட்டும் இன்வெர்ட்டர் லைன்ல சேத்தாச்சு. வெல்வெட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை, இருந்தாலும் மதுரை வெயிலுக்கு அது தேவைதான்.

கடைக்காரருக்கு மைக்ராஸ்கோப் வீடியோவை அண்ணன் அனுப்பினாரு. உங்க தொட்டியிலதான் ஏற்கெனவே இருந்திருக்கும்னு பதில் வந்துச்சு. ஒரு வருஷத்துக்கு மேல புது மீனே சேக்காம நல்லா இருந்த தொட்டி அது, வெல்வெட்டு அப்படி ஒளிஞ்சு உக்காந்திருக்கற ஜாதி இல்லைன்னு நான் சொன்னதை அண்ணன் அப்படியே டைப் பண்ணி அனுப்பினாரு, அதுக்கு ரெண்டு நீல டிக்கோட சரி.

டப்பு இன்னும் மாடி ரூமுல இருக்கு, ஸ்பாஞ்சு ஓடிக்கிட்டே இருக்கு, இனிமே எது வந்தாலும் மொதல்ல அதுக்குள்ளதான். பவுடர் ப்ளூன்னு பேச்சே எடுக்கக் கூடாதுன்னு மதினி சொல்லிட்டாங்க. அண்ணன் மட்டும் அப்பப்ப எனக்கு போன் போட்டு, சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்னு சொல்லிட்டு, இப்ப அது என்ன விலைன்னு கேட்டுக்கிட்டு இருக்காரு.